பிறிது புகுதல்: ‘அடல்டரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

தூய பொருளொன்று தன் தூய்மை கெடுதலை உணர்த்துதற்கு ஆங்கில மொழியிற் சொற்கள் பலவுள. கண்டாமினேட், பொல்யூட், கரப்ட், டிஃபைல், அடல்டரேட் என்பன அவற்றுட் பெருவழக்கின. ஆங்கில நூல்களைத் தமிழிற் பெயர்ப்போர் இவ்வைந்தனையும் ‘மாசுபடுத்தல்’, ‘கெடுத்தல்’ என்னும் இரண்டனுள் அடக்கிவிடுதல் பெரும்பான்மை. அங்ஙனம் அடக்குதலால் நேரும் இழப்புச் சிறிதன்று. என்னை? அச்சொற்கள் ஒவ்வொன்றும் தூய்மை கெடும் வாயிலை வேறு வேறாகக் காட்டும் ஆற்றலுடையன.

கண்டாமினேட் என்பது தொடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் முதனிலையிற் பிறந்தது. ஒன்று மற்றொன்றைத் தீண்டுதலால் உண்டாகும் கேட்டினை அது குறிக்கும். கி. மு. 2ஆம் நூற்றாண்டிலிருந்த உரோம நாடகப் புலவர் டெரன்ஸ், கிரேக்க நாடகங்கள் இரண்டனை ஒன்றாய் இணைத்து நாடகஞ் செய்தாரென்று பகைவர் அவர்மேற் சுமத்திய குற்றத்திற்கும் இச்சொல்லே பெயராயிற்று. பொல்யூட் என்பதன்கண் சேறு என்னும் பொருள் கிடக்கின்றது. கரப்ட் என்பது உடைதல், சிதைதல் என்னும் பொருளது. பிறிதொன்று வந்து சேராமலே பழம் அழுகுதல்போலத் தானே கட்டுக்குலைதலும் அதனுள் அடங்கும். டிஃபைல் என்பது அழுக்காக்குதல் என்னும் பழைய ஆங்கிலச் சொல்லும், காலால் மிதித்துக் கெடுத்தல் என்னும் பழைய பிரெஞ்சுச் சொல்லும் ஒன்றாய் மயங்கிப் பிறந்தது. இந்நான்கும் அழுக்கு, தீட்டு, சிதைவு என்னும் இவற்றுள் ஒன்றனைச் சார்ந்து நிற்ப, அடல்டரேட் என்பது மட்டும் அவற்றுள் எதனையுஞ் சாராது. அதன் முதனிலையாகிய இலத்தீன் ‘ஆல்டெர்’ என்பதற்குப் ‘பிறிது’, ‘மற்றையது’ என்பதே பொருள். ஆகவே, ஒன்றன் இடத்தில் பிறிதொன்று புகுதலே அச்சொல் உணர்த்தும் முதற்பொருளென்க.

வளர்ந்த ஆளைக் குறிக்கும் ‘அடல்ட்’ என்னும் சொல்லோடு இதற்கு உறவுண்டென்று கருதுவார் ஆங்கிலேயருள்ளும் பலர். அது பிழை. அச்சொல் வளர்தல் என்னும் பொருளுடைய வேறொரு வினையடியாற் பிறந்தது. ஒலியளவிலன்றி இரண்டற்கும் இயைபு யாதுமில்லை. உரோம அகராதியாசிரியர் ஃபெஸ்டஸ், ஆடவன் பிறளொருத்திபாலும் பெண் பிறனொருவன்பாலுஞ் செல்லுதலின் அப்பெயர் எய்தினர் என்று இதற்குக் காரணங் கூறினர். எனவே கற்புநெறி கடந்த ஒழுக்கத்திற்குப் பெயராகிய ‘அடல்டரி’ என்பதும், கடைப்பொருளிற் கலப்புச் செய்தலைக் குறிக்கும் ‘அடல்டரேஷன்’ என்பதும் உடன்பிறந்த சொற்களாதல் தெளிவாம். மனையறத்திற் செய்யும் பிழைக்கும் மளிகைக்கடையிற் செய்யும் பிழைக்கும் ஒரு பெயர் யாங்ஙனம் பொருந்துமோவெனின், இரண்டிடத்தும் ஒருவர் வைத்த நம்பிக்கையும், அந்நம்பிக்கைக்குரிய இடத்திற் பிறிதொன்று நுழைக்கப்படுதலும், அது மறைக்கப்படுதலும் ஒப்ப நிகழ்தலின் பொருந்துவதாயிற்று.

அழுக்கென்னும் பொருள் அதன்கண் இல்லையென்பதற்கு இலத்தீன் வழக்கிலேயே சான்றுண்டு. வரலாற்றாசிரியர் சல்லஸ்ட், ஜுகுர்த்தா என்னும் ஆப்பிரிக்க அரசன் செய்வித்த கொலையொன்றைக் கூறுமிடத்துக் கள்ளத் திறவுகோல்களை இச்சொல்லாலேயே அடைகொடுத்து வழங்கினர். திறவுகோலிற் கலப்பும் இல்லை, அழுக்கும் இல்லை. உண்மைத் திறவுகோலின் தொழிலைப் பொய்த் திறவுகோல் செய்தல் ஒன்றே அங்குளது. இங்கிலாந்தில் ஸ்டீவன் மன்னன் காலத்து (1135–1154) உள்நாட்டுக் குழப்பத்தில், அரசனாணை பெறாது பெருநிலக்கிழார் எடுத்த கோட்டைகளும் ‘அடல்டரைன்’ கோட்டைகள் என்றே பெயர் பெற்றன. பின்வந்த இரண்டாம் ஹென்றி அவற்றுட் பலவற்றை இடிப்பித்தான். அக்கோட்டைகளின் கல்லும் சுண்ணமும் நல்லனவே. அரசனுரிமையின் இடத்திற் பிறருரிமை புகுந்ததே குற்றமாயிற்று.

சைவ சித்தாந்த நூல் பயின்றார்க்கு இவ்வேறுபாடு எளிதின் விளங்கும். செம்பிற் களிம்பு செம்பு உள்ள அன்றே உள்ளது. வெளியினின்று ஒருவன் கொணர்ந்து கலந்ததன்று. ஆணவத்தைச் சகசமலம் என்பதும் அதுபற்றியே. ஆதலின் அடல்டரேஷன் என்பதற்கு ‘மலம்’ என்றேனும், ஆணவமலத்திற்கு ஆங்கிலத்தில் அச்சொல்லையேனும் நேராகக் கொள்ளுதல் பொருந்தாது. பின்வந்து கூடுவதென்னும் பொருள்பற்றி ஆகந்துகம் என்பது ஒருவாறு அணுகி நிற்பினும், மாயை கன்மங்கள் உயிர்க்கு உபகாரமாகக் கூட்டப்படுவனவன்றி வஞ்சனையாற் புகுத்தப்படுவனவல்ல. ஆகலின் அதுவும் முற்றும் ஒவ்வாது.

இனிக் கடைப்பொருளைப்பற்றி இச்சொல் வழங்கிய பழைய இடங்களுள் ஒன்று தமிழ்மக்கள் அறியற்பாலது. கி. பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சீற்றத்தில் மாண்ட உரோம அறிஞர் பிளினி, தாம் இயற்றிய இயற்கை வரலாற்றுப் பெருநூலின் 12ஆம் புத்தகத்தில் நறும்பொருள்களைப்பற்றி எழுதுகின்றார். ஆண்டு இராத்தல் ஒன்றற்குத் திப்பிலி 15 தினாரியஸ், வெண்மிளகு 7, கருமிளகு 4 என விலை குறித்து, மிகுந்த விலையுடைய திப்பிலியில் அலெக்சாந்திரியாக் கடுகினை எளிதிற் கலந்துவிடுகின்றனர் என்கின்றார். அங்கு அவர் இட்ட வினைச்சொல் இவ் ‘அடல்டரேட்’ என்பதன் இலத்தீன் வடிவே. மிளகில் ஜூனிப்பர்க் காய்களைக் கலத்தலையும் அவர் குறிக்கின்றார். மிளகு கொள்ளும் மரக்கலங்கள் சென்ற முசிறித் துறையை அவரே மற்றொரு புத்தகத்திற் கூறுதலின், சேரநாட்டினின்று தூயதாய்ப் போந்த சரக்கு உரோமர் அங்காடியை எய்துமுன் இடையிற் கலப்புற்றமை அறியப்படும். அங்ஙனங் கலந்த கடுகு நஞ்சன்று, அழுக்குமன்று; உண்ணத்தக்க நல்ல பொருளே. கடுகினைக் கடுகென்று விற்றிருப்பின் குற்றம் யாதுமில்லை. திப்பிலியின் இடத்தில், திப்பிலியின் விலைக்கு, திப்பிலியென்னும் பெயரால் அது விற்கப்பட்டமையே பிளினி வெகுண்டதற்குக் காரணமாம். இச்சொல்லின் இயல்பு முழுவதும் இவ்வொரு செய்தியினுள் அடங்கிக் கிடக்கின்றது.

சமயநூலுள் இச்சொல் புகுந்த வகையும் வணிகத்தோடு தொடர்புடையதே. கிறித்தவ வேதத்துட் பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்து இறுதியில், தேவவசனத்தை வணிகப்பொருளாக்குவாரைக் கடிந்து கூறுமிடத்து, கிரேக்க மூலத்திலுள்ள வினைச்சொல் ‘கப்பேலோஸ்’ என்னும் பெயரடியாற் பிறந்தது. கப்பேலோஸ் என்பான் சில்லறை விற்போன்; சிறப்பாகத் திராட்சைமது விற்போன். மதுவில் நீர்கலத்தல் அவர்க்கு இயல்பென்று பண்டையோர் பலரும் பழித்தலின், அவ்வினை ‘வாணிகஞ் செய்தல்’, ‘கலந்து விற்றல்’ என்னும் இரு பொருளையும் ஒருங்கே தரும். இலத்தீனிற் பெயர்த்தோர் அவ்விடத்தில் ‘அடல்டரேட்’ என்பதன் மூலச்சொல்லையே இட்டனர். கத்தோலிக்கர் அதனைத் தழுவி ஆங்கிலத்திலும் அச்சொல்லையே வைத்தனர். 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்போ ‘கரப்ட்’ என்று மாற்றிற்று. மாற்றவே, கள்ளுக்கடைக்காரனும் அவன் கைக்குடமும் மறைந்து, ‘சிதைத்தல்’ என்னும் பொதுப்பொருளே எஞ்சியது. தமிழ்ப் பெயர்ப்பில் இங்குக் ‘கலப்பாய்’ என்னுஞ் சொல் நிற்றல் நோக்கத்தக்கது. ஆங்கிலத்தார் கைவிட்ட பொருளைத் தமிழாசிரியர் காத்தனர் என்னலாம்.

ஆங்கிலத்தில் இச்சொல் 16ஆம் நூற்றாண்டிலேயே வினையாக வழங்கத் தொடங்கிற்று. ஷேக்ஸ்பியர் தம் ஹாம்லட் நாடகத்தில், இறந்த அரசனின் ஆவி தன் தம்பியைப் பழிக்குமிடத்து இதனை ஒழுக்கக்கேட்டின் மேற்றாக வழங்கினர். வணிகத்தில் அதற்கு முன்னர் மக்கள் வாயில் வழங்கியது மற்றொரு சொல். அதன் வரலாறு வியப்புடையது.

நறும்பொருள் வாணிகஞ் செய்த மிளகு வணிகர் இலண்டனிற் பழைய குழுவினராவர். 1180இல் அரசனாணையின்றிக் கூடிய குழுக்களை ‘அடல்டரைன்’ குழுக்கள் என்று தண்டித்த கணக்கில் மிளகு வணிகர் குழுவும் ஒன்றாய்க் காணப்படுகின்றது. பிறர் சரக்கிற் கலப்பு நேராவண்ணம் காக்கும் பொறுப்பினைப் பிற்காலத்து ஏற்ற அவர்தாமே முதலில் அப்பெயர் சூட்டப்பெற்றமை ஒரு விந்தையே. அக்குழுவின் வழிவந்தோரே பின்னர் மளிகை வணிகர் பெருங்குழுவினராயினர். கப்பலில் வந்திறங்கும் மிளகு, இஞ்சி முதலியவற்றைச் சல்லடையாற் சலித்துத் தூசு, காம்பு, கல் முதலியவற்றை நீக்கி முத்திரையிடுதற்கெனத் தனி அலுவலர் இருந்தனர். அவர்க்குக் ‘கார்ப்ளர்’ என்பது பெயர். கார்ப்ள் என்பது சலித்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லினின்று, நடுநிலக் கடல் வணிகர் வாயிலாக ஆங்கிலத்தை அடைந்தது. சலித்துத் தூய்மையாக்குதலே அதன் முதற்பொருள். வேண்டுவனவற்றைமட்டும் பொறுக்கிக்கொள்ளுதல் என்னும் பொருள் அதிலிருந்து பிறந்தது. ஒருவன் கூற்றிலிருந்து தனக்கு ஏற்றனவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துப் பொருளைத் திரித்தல் என்பது அதன்பின் வந்தது. இக்காலத்து ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் ‘குழப்பிக் கெடுத்தல்’ என்பதே பொருள். தூய்மைசெய்தலுக்குப் பெயராயிருந்ததொன்று தூய்மை கெடுத்தலுக்குப் பெயராய் முடிந்தது! கெடுதற்குரிய சொல்லாகிய ‘அடல்டரேட்’ தன் பொருளில் நிலைத்துநிற்க, காத்தற்குரிய சொல் கெட்டமை சொல்வரலாறு பயில்வார் மறக்கற்பாலதன்று.

அடல்டரேஷன் என்னுஞ் சொல்லை அறிஞர் நூலிலிருந்து வீட்டுச் சமையலறைக்குக் கொணர்ந்தவர் ஃபிரெடெரிக் அக்கூம் என்பவர். ஜெர்மனியில் 1769இற் பிறந்து 1793இல் இலண்டன் வந்த வேதியியல் அறிஞர் இவர். 1820இல், உணவுப்பொருட் கலப்பும் சமையலறை நஞ்சுகளும்பற்றி இவர் வெளியிட்ட நூலின் ஆயிரம் படிகளும் ஒரு திங்களில் விற்றுப்போயின. கலப்புச் செய்து தண்டனையடைந்த வணிகர்தம் பெயர்களை அஞ்சாது அச்சிட்டது இந்நூல். அதன்கட் கூறிய செய்திகளுள் குளோஸ்டர்ப் பாற்கட்டியைப்பற்றியது தலையாயது. மேனாட்டுப் பாற்கட்டிக்குப் பொன்னிறம் ஊட்டுதற்கு அன்னாட்டோ என்னும் செஞ்சாயத்தைச் சேர்த்தல் வழக்கம். விடுதியொன்றில் அப்பாற்கட்டியை உண்டவர் ஒருவர் மீட்டும் மீட்டும் வயிற்றுநோயுற, அதன் காரணத்தை ஆராய்ந்தனர். சாயம் விற்றவன் நிறம் குறைந்த தன் சரக்கிற்குச் சாதிலிங்கத்தைச் சேர்த்து நிறம் ஏற்றினான். அது தீங்குசெய்யும் அளவினதன்று என்று அவன் எண்ணினான். சாதிலிங்கத்தை அவனுக்கு விற்ற மருந்துவணிகனோ, அது வீட்டுக்குப் பூசும் வண்ணத்திற்கே பயன்படுமென்று கருதி அதனோடு செவ்வீயத்தைக் கலந்திருந்தான். பாற்கட்டி செய்த உழவன் ஏதும் அறியான். இங்ஙனம் மூவர் கையினும் மாறிவந்து, ஈயநஞ்சு உண்பார் வயிற்றை எய்தியது. ஒருவனும் கொல்ல நினைத்தானல்லன். இருவர் பொய்யை விற்க நினைத்தனர். இவர்களுள் அடல்டரேட் செய்தவன் யாவன்? நஞ்சு கலந்தவன் என்பாரும், முதலிற் பொய்த்தவன் என்பாரும் ஆக இருதிறத்தார் கூற்றும் பின்னர் ஐம்பதாண்டு இங்கிலாந்தின் சட்டமன்றத்தில் ஒலித்தன.

அக்கூமின் முடிவு இரங்கத்தக்கது. நூல் வெளிவந்த ஆண்டின் இறுதியில், கல்விக்கழகமொன்றன் நூல்நிலையத்துப் புத்தகங்களினின்று ஏடுகளைக் கிழித்தாரென்று அவர்மேற் குற்றஞ் சாட்டப்பட்டது. 1821இல் அவர் இங்கிலாந்தை விட்டேகி, பெர்லினில் ஆசிரியத் தொழில் புரிந்து 1838இல் இறந்தனர். அவரோடு அவர் தொடங்கிய கிளர்ச்சியும் முப்பதாண்டு உறங்கிற்று. வணிகர் அதனால் மகிழ்ந்தனர் என்பது சொல்லாமே அமையும்.

மீண்டும் அதனை எழுப்பியவர் மருத்துவர் ஆர்தர் ஹில் ஹாஸல் (1817–1894). அக்காலத்துக் காப்பிப்பொடியிற் சிக்கரி வேரின் பொடியைக் கலத்தல் மிகுந்திருந்தது. 1840இல் அரசாங்கத்தாரே அதற்கு இசைவளித்திருந்தனர். காப்பியுட் கலந்த சிக்கரியை வேதியியலாலேனும் வேறெவ்வாற்றானேனும் கண்டறிதல் இயலாதென்று அறிஞர் சிலர் கூற, நிதியமைச்சர் சார்லஸ் வுட் அதனைப் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்தனர். ஹாஸல் செய்ததோ எளியதொரு செயல். அவர் அப்பொடியை நுண்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்து நோக்கினர். காப்பிவிதையின் உயிரணுக்களும் சிக்கரிவேரின் உயிரணுக்களும் வெவ்வேறு வடிவினவாய்த் தெள்ளிதிற் காணப்பட்டன. பொருள் தன் பெயரை மறைப்பினும் தன் உருவை மறைக்க வல்லதன்றாயிற்று. தாமஸ் வாக்லி நடத்திய ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் 1851 முதல் 1854 வரை ஹாஸலின் ஆராய்ச்சிகள் விற்றவர்தம் பெயரும் கடையிடமும் குறித்து வெளிவந்தன. முதலில் ஆராய்ந்த காப்பி மாதிரிகள் 34இல் 31 சிக்கரி கலந்தவையாயிருந்தன. ரொட்டியிற் படிகாரம், தேயிலையிற் சாயம், மிட்டாயில் ஈயமும் செம்புமாகிய நிறப்பொருள்கள் என அவர் கண்டன பல.

1855இற் பாராளுமன்றத்தார் குழுவொன்று அமைத்து உசாவினர். எனினும் சட்டம் பிறந்திலது. 1858 அக்டோபர்த் திங்கள் இறுதியில் யார்க்ஷயரிலுள்ள பிராட்ஃபோர்ட் நகரத்து நிகழ்ந்தது அவர்களை அசைத்தது. ஆங்குள்ள மிட்டாய் செய்வோன் ஒருவன், சருக்கரை விலை மிகுதியாதலின், களிக்கற்பொடியைச் சருக்கரையோடு கலத்தல் வழக்கம். அப்பொடியை வாங்குதற்கு ஆள் விடுக்க, மருந்துக்கடைக்காரர் நோயுற்றிருந்தமையின், அவர்தம் உதவியாள் பிழையாக வேறொரு பீப்பாயினின்று வெள்ளைப் பாஷாணம் 12 இராத்தல் நிறுத்துக் கொடுத்தான். இரண்டும் வெண்பொடி. மிட்டாய் சந்தையில் விற்கப்பட்டது. குழந்தைகள் உட்பட இருபதுபேர்வரை மாண்டனர், இருநூற்றுவர்வரை நோயுற்றனர். சிறைப்பட்டோர் மூவர்மேலும் தொடுத்த கொலைவழக்கு நிலைபெறாதொழிந்தது. பாஷாணம் கலந்தது எவர் கருத்துமன்று. களிக்கல் கலத்தலோ எச்சட்டத்தாலும் குற்றமன்று. அக்கொடிய நிகழ்ச்சியுள் ஒருவர் எண்ணிச் செய்த பொய் ஒன்றே உளது. அது சருக்கரையென்று களிக்கல்லை விற்றது. அப்பொய்யின் வழியே நஞ்சு நுழைந்தது.

1860இல் உணவு குடிபொருள்களின் ‘அடல்டரேஷன்’ தடுக்குஞ் சட்டம் பிறந்தது. 1872இல் மருந்துகளையும் உட்படுத்தி மற்றொரு சட்டம் வந்தது. இரண்டும் அச்சொல்லைத் தம் பெயரிலேயே தாங்கின. தாங்கியதன்றி அதன் எல்லையை அவை திட்பமுற வகுத்தில. ஆகவே வழக்காடு மன்றங்களில் இடர் மிக்கது. கடுகுப்பொடியில் மாவும் மஞ்சளுங் கலத்தல் இங்கிலாந்தில் நெடுநாள் வழக்கம். தனிக் கடுகு பலர்க்கு உறைப்பு மிக்கதாகலின் கலந்ததனையே விரும்பினர். இஃது அடல்டரேஷனா? சீனத்தில் நிறமேற்றப்பெற்று, முத்திரையோடு வந்த பசுந்தேயிலையை அப்படியே விற்ற மளிகைக்காரன் குற்றவாளியா? கேடு செய்வதே குற்றமெனின், பாலில் நன்னீர் கலந்தவன் குற்றமற்றவனாவான். நீரினும் தூயது யாது? தூய பாலோடு தூய நீர் சேரத் தூய்மையற்றதொன்று பிறக்கின்றது என்னும் இம்முரண், தூய்மை என்பதனை அழுக்கின்மை என்று மட்டுங் கொள்வார்க்கு விடுத்தற்கரிய முடியாம்.

1874இற் கூடிய பாராளுமன்றக் குழுவினர் சான்றுகளையெல்லாங் கேட்டு, மக்கள் நஞ்சூட்டப்படுதலினும் ஏமாற்றப்படுதலே மிகுதியென்று முடிவு கூறினர். அம்முடிவு அச்சொல்லின் பழம்பொருளோடு சென்று பொருந்துதல் காண்க. 1875இற் பிறந்த சட்டம் துணிவானதொரு செயல் செய்தது. அஃது அடல்டரேஷன் என்னுஞ் சொல்லைத் தன் பெயரினின்று அகற்றிவிட்டது. உணவு மருந்து விற்பனைச் சட்டம் என்பதே அதன் பெயர். கொள்வோன் கேட்ட பொருளின் இயல்பும் உட்பொருளும் தரமும் உடையதல்லாததனை அவனுக்கு இழப்புண்டாக விற்றல் ஆகாது என்பது அதன் 6ஆம் பிரிவின் கருத்து. சொல் போயிற்று, சொல்லின் பொருள் அப்பொழுதே செவ்விதின் வாய்த்தது. கேட்டது ஒன்று, தந்தது பிறிது என்னும் ஈரடையாளமே போதுமென ஆயிற்று. நஞ்சூட்டுதற்கு வேறு பிரிவும், பாலினின்று ஆடையை எடுத்துவிட்டு அறிவியாது விற்றலாகிய ‘குறைத்தற்’ குற்றத்திற்கு மற்றொரு பிரிவும் வகுத்தனர். பிறிதொன்று சேர்தலைமட்டுங் கூறும் பழைய சொல்லால் உள்ளது நீக்கலைக் கூறுதல் இயலாமையும் இதனாற் புலனாம்.

மறைத்தலே குற்றத்தின் உயிரென்பது பின்வந்த தீர்ப்புகளாலும் விளங்கும். 1878இல், தன் சாராயம் நீர்கலந்ததென்று கடையில் விளம்பரம் எழுதிவைத்தவன் குற்றமற்றவனென விடுவிக்கப்பட்டான். 1887இல், விலங்குக் கொழுப்பினின்று ஆக்கிய வெண்ணெய்ப்போலியைப் ‘பட்டரின்’ என்று வெண்ணெயின் பெயரோடு ஒட்டி விற்றலைத் தடுத்து, ‘மார்கரின்’ என்றே அதனை அழைத்தல் வேண்டுமெனச் சட்டஞ் செய்தனர். முத்தினைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லிற் பிறந்தது அப்பெயர். போலியாயிருந்தது தனக்கெனப் பெயர்பெற்றவுடன் போலியாதல் ஒழிந்து, தானும் ஒரு பொருளாயிற்று.

அமெரிக்க நாட்டில் 1906இற் செய்த சட்டம் வேறொரு வழி சென்றது. வேதியியலறிஞர் ஹார்வி வைலி பல்லாண்டு உழைத்ததன் பயன் அது. ‘அடல்டரேட்டட்’ என்பதையும், ‘மிஸ்பிராண்டட்’, அஃதாவது பொய்ப்பெயரிட்டது, என்பதையும் அச்சட்டம் இரு குற்றமாகப் பிரித்தது. இங்ஙனம் பிரிக்கவே வஞ்சனையின் பெரும்பகுதி இரண்டாவதன்மேற் சென்றது. முதலாவது நஞ்சு, அழுக்கு என்பனவற்றை நோக்கிச் சாய்ந்தது. இச்சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கொன்று கருதற்பாலது. 1909இற் கோகா-கோலா என்னும் பானத்தின் பாகு 40 பீப்பாயும் 20 சிறுபீப்பாயும் கைப்பற்றப்பட்டன. அதனுள் ‘காஃபீன்’ சேர்க்கப்பட்டிருத்தலின் அது தீங்குடைய கலப்பென்பது அரசாங்கத்தார் கூற்று. காஃபீன் அப்பானத்தின் செய்முறையிலேயே உள்ள உறுப்பாகலின் ‘சேர்க்கப்பட்டது’ ஆகாதென்பது எதிர்வாதம். எது உடனுள்ளது, எது வந்து சேர்ந்தது என்னும் பழைய தருக்கவினா, பீப்பாய்களின்மேல் ஏறி வழக்குமன்றம் புகுந்தது! 1916இல் உயர்நீதி மன்றத்துத் தலைமைப் பேரவையில் நீதிபதி ஹ்யூஸ், மனிதன் ஆக்கிய கூட்டுப்பொருளில் அவன் தன் செய்முறையுள் எழுதிக்கொண்டமையாலேயே ஒன்று இயல்பாய் உள்ளதாகிவிடாது என்னும் கருத்துப்படத் தீர்ப்பளித்து, வழக்கை மீள விசாரிக்க அனுப்பினர்.

இந்திய நாட்டிற்கு வருங்கால், சென்னை மாகாணத்தில் 1918இல் அடல்டரேஷன் தடுப்புச் சட்டம் செய்யப்பட்டது. நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் 1954இற் பிறந்து, 1955 ஜூன் முதல் நடைமுறையுற்றது. தமிழில் ‘உணவுக் கலப்படத் தடைச் சட்டம்’ என்று மக்கள் அறிந்தது இது. இங்கிலாந்தார் 1875இல் துறந்த சொல்லை இச்சட்டம் மீண்டும் தலைமேற் கொண்டது. ஆயின், அச்சொற்கு அது வகுத்த இலக்கணங்களுள் முதலாவது யாதெனின், கொள்வோன் கேட்ட இயல்பும் உட்பொருளும் தரமும் இல்லாமையும், அதனால் அவனுக்கு இழப்புண்டாதலுமேயாம். 1875இற் சொல்லை வெளியேற்றி வைத்த வாசகமே 1954இல் அச்சொல்லுக்கு உரையாய் வந்தமர்ந்தது.

‘கலப்படம்’ என்னுந் தமிழ்ச்சொல் இப்பொருளில் ஊர்தோறும் வேரூன்றிவிட்டது. அது கலத்தலாகிய தொழிலை மட்டுங் கூறுவது. பாலும் தேனுங் கலத்தல்போன்ற நற்கலப்பும் கலத்தலேயாகலின், ‘-அடம்’ என்னும் ஈறே அங்குப் பழிப்பினைத் தாங்குகின்றது. பொய் என்னுங் கருத்தினைத் தாங்குதற்குத் தமிழிற் ‘போலி’ என்பது உளது. ஆங்கிலச் சொல்லொன்று தாங்கிய இரு சுமையினைத் தமிழில் இரு சொற்கள் பகிர்ந்து தாங்குகின்றன. அமெரிக்கச் சட்டம் அரிதின் முயன்று பிரித்ததனைக் கடைவீதியில் தமிழ்மக்கள் இயல்பாகவே பிரித்துப் பேசுகின்றனர். கல்கலந்த அரிசியைக் ‘கலப்படம்’ என்பர். பிறர் முத்திரையிட்டு விற்கும் சோப்பினைப் ‘போலி’ என்பர். ஒன்றனை மற்றொன்றாக மாற்றிச் சொல்லார்.

1954ஆம் ஆண்டுச் சட்டமும் இன்று வழக்கிலில்லை. 2006இல் இயற்றிய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2011 ஆகஸ்டு முதல் அதன் இடத்தில் நிற்கின்றது. அதன்கண் ‘அடல்டரேட்டட்’ என்னும் பெரும்பெயர் சிதறிப் பல கூறாயிற்று. உண்டற்குத் தீங்கானது ‘பாதுகாப்பற்ற உணவு’ ஆயிற்று. தரங் குறைந்தது தனிப் பெயர் பெற்றது. பொய்ப்பெயரிட்டதும் தனியே நின்றது. பழைய சொல்லின் வழியாக எஞ்சியது ‘அடல்டரண்ட்’, அஃதாவது கலக்கப்படும் பொருள், என்பது ஒன்றே. கொள்வோன் கேட்ட இயல்போ உட்பொருளோ தரமோ இல்லாததனை விற்றற்குரிய தண்டம் மட்டும் அச்சட்டத்தின் 50ஆம் பிரிவாக, விக்டோரியா அரசி காலத்து வாசகத்தின் சாயல் மாறாமல், இன்றும் இருக்கின்றது.